ஏழு டிஸ்க், ஏழு பொட்டு

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கதிர்வீச்சு மெஷினுக்கு ரோஜா மாலை, ஸ்கேன் மெஷினுக்குச் சாமந்தி மாலை, ஆம்புலன்ஸுக்கு வாழைக்கன்று, லிஃப்ட்டுக்குக்கூட ஒரு பூசணிக்காய். என் சர்வர் அறைக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை. பதினான்கு வருஷமாக இந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறேன். ஒரு முழம் பூ கொடுக்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. அத்தனை மெஷினும் எடுக்கிற படம் கடைசியில் வந்து உட்காரும் இடம் இதுதான் என்று யாருக்குத் தெரியும்?

துப்புரவு வேலை பார்க்கும் இருளாயி அக்காதான் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து எடுத்துவந்தார். "கரண்டு சாமான், தொடப் பயமா இருக்கு. நீங்களே வச்சு விட்ருங்க சார்" என்றார்.

வைத்தேன். சர்வரின் முகத்தில் ஏழு டிஸ்க் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பச்சை விளக்கு, அதற்குக் கீழே கடுகளவு ஒரு வட்டம். வட்டத்தின் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஸ்கேல் வைத்ததுபோல ஏழும் ஒரே வரிசையில் வந்தன. எதைச் செய்தாலும் எனக்குத் திருத்தமாக இருக்க வேண்டும்.

"ஏழு கன்னிமாரு கணக்கா இருக்கு சார். தொடைச்சிராதீங்க, தானா உதிரணும்" என்றார் அக்கா.

6 அக்டோபர், திங்கள்

ஷாஹிதா சர்வர் அறைக்கு வந்தாள். யாருக்கு எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று திட்டம் போடும் இயற்பியலாளர். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொட்டுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஏழு எதுக்கு சார்? பெருசா ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள்.

கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? ஏழும் சேர்ந்து ஒரே டிஸ்க் போல நடக்கும். ஒன்று செத்தால் மற்ற ஆறும் கணக்குப் போட்டு, செத்ததிடம் என்ன இருந்தது என்று சொல்லிவிடும். வேலை நிற்காது. செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் அதற்கும் பாடம் சொல்லிக் கொடுத்துவிடும்.

"ரெண்டு செத்தா?"

"ஒரே நேரத்துல ரெண்டு எப்படிம்மா சாகும்?"

இரண்டு செத்தாலும் தாங்கும் ஏற்பாடும் உண்டு. வாங்கும்போதே கம்பெனிக்காரர் சொன்னார். டிஸ்க்குகள் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகின்றன, முன்பு ஒன்று செத்தால் சாப்பிட்டு வருவதற்குள் புதியது தேறிவிடும், இப்போது இரண்டு நாள் ஆகும், அந்த இரண்டு நாளில் இன்னொன்று விழுந்தால் கதை முடிந்தது என்றார். அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு டிஸ்க்கின் இடத்தைக் காவு கொடுக்க வேண்டும். ஸ்கேன் படங்களும் பெருத்துக்கொண்டே போகின்றனவே, இடத்துக்கு எங்கே போவது? வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தனியாக ஒரு நகல் எடுத்து வைக்க வேறொரு சர்வர் வேண்டும் என்று மூன்று வருஷம் எழுதிக் கேட்டேன். நான்காவது வருஷம் கேட்பதை விட்டுவிட்டேன். இதையெல்லாம் ஷாஹிதாவிடம் சொல்லவில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அதிரசம் கல்.

29 அக்டோபர், புதன்

நல்ல மழை. மத்தியானம் மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. ஜெனரேட்டர் பிடிக்கத் தாமதம். முன்பெல்லாம் இப்படி ஆனால் சர்வர் 'பீப் பீப்' என்று ஊரைக் கூட்டும். பக்கத்து அறையில் நோயாளிகள் மிரளுகிறார்கள் என்று கதிர்வீச்சுப் பிரிவுத் தலைவர் டாக்டர் இம்மானுவேல் சொன்னதால் அந்தச் சத்தத்தைப் போன வருஷமே அணைத்துவிட்டேன். சத்தம் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பச்சை ஏழும் எரிகின்றன.

18 நவம்பர், செவ்வாய்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏற்றவில்லை. மனைவி செண்பகம் இரண்டு குடம் தூக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஷாஹிதா ஃபைல் திறக்க நேரமாகிறது என்கிறாள். நெட்வொர்க் என்று சொன்னேன். இப்போது இருப்பவர்களுக்குப் பொறுமை கிடையாது.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டியும் சரியில்லை.

5 பிப்ரவரி, வியாழன்

போடியிலிருந்து மாரீஸ்வரி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். முப்பத்தாறு வயது, ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. நான்கு வருஷம் முன்பு இங்கே கதிர்வீச்சு வைத்துக்கொண்டு நன்றாகப் போனவள். இப்போது நோய் முதுகெலும்பில் திரும்பியிருக்கிறது. பழைய திட்டத்தை எடுத்துத் தரும்படி ஷாஹிதா கேட்டாள். அதைப் போட்ட இயற்பியலாளர் வெளிநாடு போய்விட்டார். சர்வரின் பழைய பெட்டகத்திலிருந்து நான்தான் எடுத்துத் தர வேண்டும்.

"தண்டுவடம் ஆயுசுக்கு இவ்ளோதான் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு சார். போன தடவ அது எவ்ளோ வாங்கிச்சுன்னு தெரிஞ்சாத்தான் இப்ப மிச்சத்தக் குடுக்க முடியும். கூடிப்போனா எங்க கதிராலயே கால் போயிரும். கொறஞ்சா கட்டி அழுத்திக் கால் போயிரும்."

மோட்டார் மெக்கானிக் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். திங்கட்கிழமை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

9 பிப்ரவரி, திங்கள்

காலை எட்டரைக்கு சர்வர் நின்றுபோயிருந்தது. இரண்டு டிஸ்க் போய்விட்டது, மூன்றாவதும் ஆறாவதும். இரண்டும் ஒரே நாளில். எல்லாம் ஒரே பெட்டியில் வந்த சரக்கு. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகப் போகும் என்று இந்தத் தொழிலில் சொல்வதுண்டு.

ஆறாவது கடகடவென்று சத்தம் போடுகிறது. மூன்றாவது பரவாயில்லை, சுற்றுகிறது. அதை வலுக்கட்டாயமாக வரிசையில் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டது. பிழைகள் இருக்கின்றன, சரிசெய்யட்டுமா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. கேட்டவர்களிடம் கேபிள் கோளாறு என்றேன்.

இருளாயி அக்கா பெருக்க வந்தவர் தரையில் காய்ந்த சந்தனத் தூளைப் பார்த்துவிட்டு, "பொட்டச் சொரண்டிட்டீகளா சார்? தானா உதிரணும்ல" என்றார். தூசி அடைகிறது என்று சொன்னேன்.

10 பிப்ரவரி, செவ்வாய்

ஓடுகிறது. பதினாறு ஸ்கேன் ஏறியது. ஷாஹிதா கேட்டதற்கு நாளை என்றேன்.

11 பிப்ரவரி, புதன்

ஓடுகிறது. பத்தொன்பது ஸ்கேன். சில பழைய ஃபோல்டர்களைக் காணவில்லை. தேடினால் கிடைக்கும்.

12 பிப்ரவரி, வியாழன்

கிடைக்கவில்லை. மாரீஸ்வரியின் பெயர் இருக்கிறது, உள்ளே வெற்றிடம். அவளுடைய வருஷத்துக்காரர்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான். சர்வரை நிறுத்தினேன்.

டாக்டர் இம்மானுவேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எப்போ போச்சு தெய்வேந்திரன்?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கக்கிழமை சார். ரெண்டும் ஒண்ணாப் போயிருச்சு."

சென்னையில் செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. நாளை கிளம்புகிறேன்.

வெளியே வரும்போது நடைபாதை பெஞ்சில் மாரீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன் மொக்கராசு, மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்த எல்லாச் சீட்டும் நான்கு வருஷமாக மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒரு சிடியை எடுத்து என்னிடம் நீட்டினான். "இது ஒதவுமா சார்? பாப்பா நோட்டுக்குப் போடுற அட்டைய வெட்டி உறை போட்டு வச்சிருந்தேன்." ஷாஹிதாவிடம் ஓடினேன். அதில் ஸ்கேன் படம் மட்டும் இருந்தது, திட்டம் இல்லை. எங்கே கட்டி என்று தெரிகிறது, தண்டுவடம் எவ்வளவு வாங்கியது என்று தெரியாது.

ஒரு கூலிக்காரன் தன் பங்கை அட்டை போட்டுக் காப்பாற்றியிருக்கிறான். சம்பளம் வாங்கிக்கொண்டு காப்பாற்ற வேண்டியவன் நான்.

14 பிப்ரவரி, சனி

சென்னை. ஏழு டிஸ்க்கையும் எண் எழுதி, தெர்மோகோலில் பொதிந்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வேலை செய்பவர் கிளாடிஸ் என்ற பெண். என் மகள் வயது இருக்கும், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"எது மொதல்ல நின்னுச்சு சார்?"

"ரெண்டும் ஒண்ணா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அத வச்சுத்தான் நான் எதத் தொடணும், எதத் தொடக்கூடாதுன்னு முடிவு பண்ணணும்."

"ஒண்ணாத்தான்மா."

எழுதிக்கொண்டாள்.

17 பிப்ரவரி, செவ்வாய்

மாரீஸ்வரிக்கு இடது கால் மரத்துப்போகிறதாம். எறும்பு ஊர்கிறது என்றாளாம். ஷாஹிதா இரண்டு முறை ஃபோன் செய்தாள். சென்னையிலிருந்து தகவல் வரவில்லை என்றேன். அது நிஜம்.

19 பிப்ரவரி, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. செண்பகம் என்னவென்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

நடைபாதையில் மாரீஸ்வரி என்னைக் கூப்பிட்டாள். இதுவரை அவள் என்னோடு பேசியதில்லை. "சார், நீங்கதான் கம்ப்யூட்டர் சாரா? எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். நிக்கணும். எங்க வேலையில முறத்தை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேதான் பாக்கணும். பாப்பா பத்தாவது முடிக்கிற வரைக்கும் நின்னாப் போதும். கெடச்சிரும்ல?"

"கெடச்சிரும்மா" என்றேன்.

23 பிப்ரவரி, திங்கள்

கிளாடிஸ் காலையில் பேசினாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒவ்வொரு டிஸ்க்கும் கடைசியா எப்ப வேலை செஞ்சுச்சுன்னு தனக்குள்ளயே எழுதி வச்சுக்கும் சார். ஆறாவது பிப்ரவரில நின்னுச்சு. மூணாவது அப்ப நிக்கல. அக்டோபர் இருபத்தொம்போது, மத்தியானம் ரெண்டு நாப்பதுக்கே நின்னுருச்சு. மூணு மாசத்துக்கு மேல அது செத்துக் கெடந்துருக்கு. ஒருத்தரும் பாக்கலயா?"

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"அது செத்தது தப்பில்ல. நிஜத்தச் சொன்னா, செத்ததுதான் நல்லது. அக்டோபர்ல அப்படியே ஒறஞ்சு போச்சு. நீங்க தேடுறது நாலு வருஷத்துக்கு முந்தினது. அதுல அந்தப் பேஷண்டோட பங்கு அலுங்காம இருந்துருக்கும். எழுதாம, படிக்க மட்டும் செஞ்சிருந்தா, மத்த அஞ்சோட சேத்து நான் முழுசா எடுத்துக் குடுத்துருப்பேன். ஆனா யாரோ அத இழுத்து உள்ள சேத்துருக்காங்க. அது அக்டோபர் கதையச் சொல்லுது, மத்தது பிப்ரவரி கதையச் சொல்லுது. அந்தக் குழப்பத்துல 'சரிசெய்'னு அழுத்தியிருக்காங்க. அது புரியாததையெல்லாம் காலியிடம்னு எழுதிருச்சு. அப்புறம் ரெண்டரை நாள் அந்தக் காலியிடத்து மேல புதுப் படம் ஏத்தியிருக்காங்க. அதுக்கு அடியில இருந்தத இனிமே யாராலயும் எடுக்க முடியாது சார்."

அறிக்கை மதியம் மெயிலில் வந்தது, நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் 'மீட்க இயலவில்லை' என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து டாக்டரிடம் கொடுத்தேன்.

26 பிப்ரவரி, வியாழன்

பழைய அளவை அனுமானமாக வைத்துக்கொண்டு, தண்டுவடத்துக்குப் பயந்து, மிகக் குறைவாக ஐந்து நாள் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். மொக்கராசுவிடம் அவர் சொன்னபோது நான் கதவருகே நின்றேன்.

"இருட்டுல வண்டி ஓட்டுற மாதிரிதான் மொக்கராசு. மெதுவாத்தான் போக முடியும். போய்ச் சேருவோமான்னு சொல்ல மாட்டேன்."

"நீங்க பாத்து செய்ங்க சாமி" என்று கும்பிட்டான்.

6 மார்ச், வெள்ளி

ஐந்தாவது நாள் முடிந்தது. மாரீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

9 மார்ச், திங்கள்

புது சர்வர் வந்தது. இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும். நகலுக்கென்று தனியாக இன்னொன்றும் உண்டு. கேட்காமலே அனுமதி கொடுத்துவிட்டார்கள். பிணத்தைத் தூக்கியபின் வைத்தியன் வந்த கதை. நானே பெட்டியைப் பிரித்துப் பொருத்தினேன். திருத்தமாக.

16 மார்ச், திங்கள்

மாரீஸ்வரியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். இரண்டு காலும் விழுந்துவிட்டன. சிறுநீர் போவதும் தெரியவில்லையாம். காலைத் தொட்டுத் தொட்டு டாக்டர் "இங்கே? இங்கே?" என்று கேட்டார். அவள் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்காக வருத்தப்பட்டதுபோல, "இல்ல சார்" என்றாள்.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதால் என்ன? அழுகிறவன் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

18 மார்ச், புதன்

மொக்கராசு சர்வர் அறையைத் தேடி வந்தான். கையில் ஒரு பொட்டலம், நல்ல பச்சை ஏலக்காய். "மெட்ராஸ் வரைக்கும் மடியிலயே வச்சுக் கொண்டுபோனீகளாம்ல. ஷாகிதாம்மா சொன்னாக. எங்களுக்காக யாரு சார் அம்புட்டு அலையுவா? அவதான் குடுத்துட்டு வரச் சொன்னா. இங்க வர்றதுக்கு முந்தி அவளே நின்னு பெறக்கினது."

என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, பச்சை விளக்கு கரண்ட் இருந்தாலே எரியும், டிஸ்க் கெட்டால் அதற்குக் கீழே உள்ள வட்டத்தில்தான் ஆரஞ்சு விளக்கு எரியும், ஆயுத பூஜை அன்று அந்த விளக்கின் மேலேயே நான் பொட்டு வைத்துவிட்டேன், அது எரிந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அது எரியாதவரை அங்கே விளக்கு இருப்பதே நினைவுக்கு வராது. ஆனால் எனக்குத் தெரியும், தெரியாமல் இருக்குமா? வரிசை அழகாக வருகிறது என்று வைத்தேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி காரியந்தானே சார். நல்லது நெனச்சுத்தான வச்சீக. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீக? எங்க தலையெழுத்து."

பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

19 மார்ச், வியாழன்

பொட்டைச் சொன்னேன். பிப்ரவரி ஒன்பதைச் சொல்லவில்லை. மன்னிப்புக் கிடைக்கக்கூடிய தப்பாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். திருடனுக்கும் ஒரு கூச்சம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். நான் மட்டும் படிக்கிற நோட்டு. இனி நடந்ததை எழுதுகிறேன்.

பிப்ரவரி ஒன்பது காலை பொட்டுகளைச் சுரண்டியபோது மூன்றாவதிலும் ஆறாவதிலும் ஆரஞ்சு எரிந்துகொண்டிருந்தது. சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். மூன்றாவது அக்டோபர் 29-ல் நின்றது என்று தேதி, நேரத்தோடு அதில் இருந்தது. படித்தேன். மூன்று மாதத்துக்கு மேல் நான் பார்க்கவில்லை என்று அந்த ஒரு வரி எல்லாருக்கும் சொல்லிவிடும். பதிவேட்டை அழித்தேன். அப்படி நின்ற டிஸ்க்கை இழுத்துச் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். சேர்த்தேன். 'சரிசெய்யட்டுமா' என்று கேட்டபோது என்ன ஆகும் என்றும் தெரியும். மற்றவர்கள் துருவிக் கேட்பதற்குள் சர்வர் ஓட வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. ஃபோல்டர் காணாமல் போனது பத்தாம் தேதி காலையிலேயே தெரியும். அப்போதே நிறுத்தியிருந்தால் முக்கால்வாசி தப்பியிருக்கும். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஓடவிட்டேன்.

மாரீஸ்வரியின் திட்டம் தொலையவில்லை. அந்தச் செத்த டிஸ்க்கில், என் பொட்டுக்குப் பின்னால், பத்திரமாக இருந்தது. நான்தான் அழித்தேன்.

20 மார்ச், வெள்ளி

காலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அக்டோபரிலிருந்து நேற்றுவரை எல்லாப் பக்கங்களையும் நான்கு பிரதி எடுத்தேன். கூடவே கிளாடிஸின் அறிக்கை, நான்கு பக்கமும்.

ஒன்றை டாக்டர் இம்மானுவேலின் மேஜையில் வைத்தேன். ஒன்றை ஷாஹிதாவிடம் கொடுத்தேன். நேற்றைய பக்கத்தைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்பினேன். நான்காவதை எடுத்துக்கொண்டு, ஊர் திரும்பிவிட்ட மொக்கராசுவைத் தேடி, போடி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஏலக்காய்ப் பொட்டலமும் பையில் இருக்கிறது, பிரிக்கவில்லை. அவன் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பஸ் இன்னும் எடுக்கவில்லை. வழியில் எங்காவது இறங்கி, கையிலிருப்பதைக் கிழித்து எறிந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நான்கு.